யூடர்ன் ரயிலுக்கு ஒரு கற்பூரம்

மாலைக்குள் தேவானையை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிடப் போவதாக இன்ஸ்பெக்டர் சகினா சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பல்லி விழுந்த சாம்பாரைக் கொட்டப்போகிறவளின் அலுப்பு மட்டும் இருந்தது.

"அந்தப் பொண்ணு பட்டனை அமுக்கினா, ரயில் போச்சு, மெக்கானிக் செத்தான். இதுல நீங்க துப்பறிய என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் அன்புக்கரசி. மயிலாப்பூரில் தனியார் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர். அன்புக்கும் அவளுக்கும் வெகு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. பின்னால் நின்ற உதவியாளன் விக்கிக்கு வாய்தான் பிரதானம். மற்ற உறுப்புகள் எல்லாம் அந்த வாயை ஊர் சுற்றிக் காட்டுவதற்காகப் படைக்கப்பட்டவை.

விஷயம் இதுதான். திருவான்மியூர் தாண்டி கடற்கரைச் சாலையில் ஜாலிபுரி என்று ஒரு கேளிக்கைப் பூங்கா. அங்கே கூட்டம் அலைமோதுவது 'யூடர்ன்' என்கிற இரும்பு ரயிலுக்குத்தான். மற்ற ராட்டின ரயில்கள் போல அது வட்டமடிக்காது. மேடையிலிருந்து பீரங்கிக் குண்டு மாதிரி பாயும், எதிர்முனைக் கோபுரத்தில் செங்குத்தாக ஏறும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், பிறகு அதே தண்டவாளத்தில் பின்பக்கமாக விழுந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். காசு கொடுத்துக் கதறிவிட்டு வருவதற்கு மக்கள் வரிசையில் நிற்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, கூட்டத்தை விடுவதற்கு முன்பு, வழக்கம்போல ரயிலைக் காலியாக ஓட்டிப் பார்த்தார்கள். கோபுரத்தடியில் தண்டவாளத்தின் மேல் மெக்கானிக் முத்துகிருஷ்ணன் கிடந்தான். ரயில் போகும்போது ஒரு முறை ஏறியது, வரும்போது ஒரு முறை ஏறியது. ஒரே ஓட்டத்தில் ஒருவன் மேல் இரண்டு தடவை ஏறக்கூடிய ரயில் ஊரில் இது ஒன்றுதான்.

தண்டவாளத்தில் இறங்கும் மெக்கானிக், மின்பெட்டியில் தன் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பூட்டு தொங்கும்வரை ரயிலுக்கு மின்சாரம் போகாது. வெளியே வந்த பிறகு அவனே அதைக் கழற்றுவான். பட்டனை அமுக்குகிறவர் அவன் உயர்த்திய கையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அன்று பெட்டியில் பூட்டு இல்லை. அது கருவி அறையில் ஆணியில் சமர்த்தாகத் தொங்கியது. முத்துவின் கையையும் தேவானை பார்க்கவில்லை. சூப்பர்வைசர் தனபாலன் வந்து, "முத்து வெளிய வந்துட்டான், நீ அமுக்கு" என்று சொன்னதாகச் சொல்கிறாள். தனபாலனோ அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். அவர் நெற்றி நிறையத் திருநீறும் சட்டைப்பையில் கம்பெனி பேட்ஜுமாக இருப்பவர். அவளோ அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கி எறியப்பட்ட குடும்பம். யார் பேச்சு எடுபடும் என்று கேட்கவே வேண்டாம்.

"அவளை ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றாள் அன்புக்கரசி.

"சாயந்தரத்துக்குள்ள பாத்து முடிச்சிடுங்க" என்றாள் சகினா.

தேவானை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புக்கரசியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மேடம், ஜெயிலுக்கு வேணா போறேன். எனக்கு அது இல்ல மேட்டரு. முத்தண்ணன நான் கொன்னேனா, இல்லியா? அத்த மட்டும் கரீட்டா கண்டுபுடிச்சு சொல்லு. குப்ப வாரிக்கினு கெடந்தவள சண்ட போட்டு அந்தச் சீட்ல குந்த வச்சது அந்த அண்ணந்தான். அத போயி நான்…" அழுகை வந்துவிட்டது.

அன்புக்கரசி கைக்குட்டை நீட்டவில்லை. "அழறத அப்புறம் வச்சுக்கோ. அன்னிக்குக் காலைல வழக்கத்துல இல்லாதது என்ன நடந்தது?"

தேவானை யோசித்தாள். "சாரு என் கையில தட்ட குடுத்துச்சு."

"என்ன தட்டு?"

"கற்பூரத் தட்டு. டெய்லி மொத ஓட்டத்துக்கு முன்னாடி தனபாலன் சாருதான் ரயிலுக்குக் கற்பூரம் காட்டும். சக்கரத்துக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் வெக்கும். வேற யாரும் தொடக் கூடாது. நான் கிட்ட வந்தாலே 'தள்ளி நில்லு'ன்னும். அன்னிக்கு அதுவே வந்து, 'நீ காட்டு, அப்பறம் அமுக்கு'ன்னு குடுத்துட்டு வெளிய பூட்ச்சு." அவள் குரல் இறங்கியது. "எனக்கு அவ்ளோ சந்தோஷம் மேடம். கற்பூரம் காட்டிட்டு எங்கம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அதுக்கப்பறம்தான் பட்டன அமுக்குனேன்."

விக்கி தலையைச் சொறிந்தான். "இத்தினி வருஷமா தள்ளி நிக்க வச்ச மனுஷன் திடீர்னு தட்டக் குடுத்தாரா? ராத்திரி கனவுல சமத்துவம் வந்து கன்னத்துல அறைஞ்சிருக்கும் போல."

அன்புக்கரசி சிரிக்கவில்லை. "வண்டிய எடு" என்றாள்.

ஜாலிபுரியின் வாசலில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தது. உள்ளே கூட்டம் இல்லாவிட்டாலும், வாசல் பிள்ளையாருக்கு எதிரே பூ விற்கும் பொன்மணி கடையை விரித்திருந்தாள். பிள்ளையாருக்கு விடுமுறை கிடையாது அல்லவா?

"தனபாலன் சார் உங்க கஸ்டமரா?" என்று ஆரம்பித்தாள் அன்புக்கரசி.

"அந்தாளா? காலங்காத்தால வந்து உள்ள ஒரு ரவுண்டு போயிட்டு, நான் கட விரிச்சதும் வெளிய வருவாரு. ஒரு மொழம் வாங்கிப் புள்ளையாருக்குப் போட்டு, தலையில குட்டிக்கினு, தோப்புக்கரணம் போட்டாத்தான் அவருக்கு மறுவேல. மழ கொட்டுனாலும் கொட பிடிச்சிக்கினு போடுவாரு."

"செவ்வாய்க்கிழமையும் போட்டாரா?"

"அன்னிக்கின்னா ஆச்சோ தெர்ல. பூ எடுத்து நீட்டுறேன், 'வேணாம் போ'ன்னாரு. புள்ளையாரு கீற பக்கமே திரும்பல. அந்தாண்ட ரோட்டுல போயி நின்னுக்கினாரு. தலையெல்லாம் ஈரம். உள்ள பாத்ரூம்ல தலைக்கு ஊத்திக்கினு வந்த மாதிரி சொட்டிக்கினு இருந்துச்சு."

"இது ரயில் ஓடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதாம்மா. அவரு ரோட்டுல நிக்கிறப்பதான் உள்ள ரயிலு சத்தமே கேட்டுச்சு. அப்புறந்தான் ஆளு செத்துட்டான்னு ஒரே கூச்சலு."

அன்புக்கரசி ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். தலையில் வைக்கவில்லை. விக்கியிடம் கொடுத்தாள்.

"எனக்கா மேடம்? ஊர் என்ன பேசும்?"

"வாயை மூடிட்டு யோசி. தலைக்குக் குளிச்ச மனுஷன் எப்ப சாமியப் பார்க்காம ஒதுங்கி நிப்பான்?"

விக்கி யோசித்தான். அவனுக்கு அது கடினமான வேலை. "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிப்போம் மேடம்."

"அதுக்குக் குளிச்சாப் போதும். குளிச்ச பிறகும் சாமி பக்கம் போகல, பூவைத் தொடல, தினம் காட்டற கற்பூரத்தை அடுத்தவ கையில குடுத்துட்டு அந்த இடத்த விட்டே நகர்ந்துட்டான்."

"அப்ப தீட்டு. ரத்த சொந்தத்துல யாரோ செத்திருக்கணும். பங்காளி சாவு." விக்கி சட்டென்று நிறுத்தினான். "மேடம், அன்னிக்கு அந்த இடத்துல செத்தது ஒரே ஆளுதானே?"

"அவனும் அப்போ ஊருக்கெல்லாம் உயிரோடதான் இருந்தான். ரயில் இன்னும் ஓடவே இல்ல" என்றாள் அன்புக்கரசி. "முத்துகிருஷ்ணன் வீடு எங்க இருக்கு?"

வேளச்சேரியில், பெருமழைக்கு வந்த தண்ணீரின் கறை இன்னும் இடுப்பளவில் நிற்கும் ஒரு தரைத்தள வீடு. முத்துகிருஷ்ணனின் மனைவி சண்முகவடிவு பாயில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. வந்தவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்பே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தத் தேவானைய மட்டும் விட்டுறாதிய. எங்க வீட்டு இட்லியத் தின்ன கை அது. அது வெளங்காமப் போவணும். புழுத்துப் போவணும்."

விக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்புக்கரசி எதிரே தரையில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள். "தனபாலன் உங்களுக்கு என்ன வேணும்?"

சண்முகவடிவு வாயை மூடிக்கொண்டாள். சற்றுப் பொறுத்துத்தான் பதில் வந்தது. "வெளிய சொல்லப்புடாதுன்னுதான் வேலையே போட்டுக் குடுத்தாவ. எங்க மாமனாரும் அவிய அப்பாவும் கூடப் பொறந்தவிய. இவுக அங்கன வச்சு அண்ணேன்னு வாய் தவறிக்கூடக் கூப்பிட்டுறப்புடாது. கிரீஸ் கையோட ஒருத்தன் தம்பின்னு வந்து நின்னா கவுரவக் கொறச்சலாம்."

"அவங்களுக்குள்ள சண்டை உண்டா?"

"சண்டையெல்லாம் இல்ல. திங்கக்கெழமை ராத்திரி சோத்துல கையவச்சுக்கிட்டு இவுக சொன்னாவ. ரயிலுக்கு அடியில வெடிப்பு விட்டுருக்காம். 'அண்ணன் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டான், நாளைக்கும் ஓட்டணுங்கான். நான் விடமாட்டேன். கேக்கலன்னா மொதலாளிட்டயே போயிருவேன்'னாவ. மறுநா விடியக்காலம் கெளம்பிப் போனவுகதான்." அவள் கண்ணைத் துடைத்தாள். "அந்தத் தேவானைக்குத் தூக்குக் கெடைக்குமாம்மா?"

அன்புக்கரசி எழுந்துவிட்டாள். வாசலுக்கு வந்ததும் விக்கி கேட்டான். "அவ செய்யலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம்? பாவம், தப்பான ஆளத் திட்டினு கீது."

"சரியான ஆளக் காட்டினா இப்பவே அவனுக்குப் போன் போட்டுத் திட்டுவா. அவன் உஷாராயிடுவான். இன்னும் கொஞ்ச நேரம் தப்பான ஆளையே திட்டட்டும்."

அன்புக்கரசியின் மனசு அவ்வளவுதான். அவளிடம் இருந்த ஈரமெல்லாம் மூளையில் எண்ணெயாகப் போய்விட்டது.

சகினாவிடம் அரை மணி நேரம் கெஞ்சி, நடந்ததை ஒரு முறை நடத்திப் பார்க்க அனுமதி வாங்கினார்கள். தேவானையை ஜீப்பிலேயே வாசலில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் ரயில் மேடைக்குப் போனார்கள். தனபாலன் ஏற்கெனவே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மூன்று நாள் தாடி.

"எவ்வளவு நேரமானாலும் ஒத்துழைக்கேன் மேடம். போனது நல்ல தொழிலாளியாச்சே" என்றார்.

விக்கி ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினான். அதில் கற்பூரம், எலுமிச்சம்பழம், வாசலில் வாங்கிய மல்லிகை.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் அன்புக்கரசி. "தினமும் நடக்கற மாதிரியே வரிசையா பார்க்கணும். முதல்ல நீங்க கற்பூரம் காட்டுங்க."

தனபாலன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அதுக்கு வேற ஆளை வச்சுக்கிடுங்க."

"ஏன், தினமும் நீங்கதானே காட்டுவீங்க?"

"இப்ப தொடப்புடாதும்மா. எனக்குத் தீட்டு."

"அடடா. யார் தவறிட்டாங்க?"

 தனபாலன், இனி மறைத்து என்ன என்கிற மாதிரி பெருமூச்சு விட்டார். "முத்துதான். எங்க சித்தப்பா மவன். வேலை பாக்குற எடத்துல சொல்லிக்கிடுறது இல்ல."

சகினா நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி.

"நியாயம்தான். பங்காளி. தொடக் கூடாது" என்றாள் அன்புக்கரசி. "செவ்வாய்க்கிழமையும் நீங்க தொடலையே சார்? தேவானை கையில குடுத்துட்டீங்க."

"அன்னைக்குக் கையில கிரீஸா இருந்துச்சு."

"பிள்ளையாரைக்கூடப் பார்க்கலையாமே? பார்க்கறதுக்குக் கை எதுக்கு? அதுவும் தலைக்குக் குளிச்ச கையோட."

தனபாலன் சட்டைப்பை பேட்ஜைச் சரிசெய்துகொண்டார்.

"ரயில் ஓடறதுக்கு முன்னாடியே தலைக்குக் குளிச்சாச்சு, பூவை ஒதுக்கியாச்சு, சாமியை ஒதுக்கியாச்சு, கற்பூரத்தை அடுத்தவ கைக்கு மாத்தியாச்சு. ரயில் ஏறித்தான் முத்து செத்தான்னா, ரயில் புறப்படறதுக்கு முந்தியே உங்களுக்குத் தீட்டு எங்கிருந்து வந்தது?"

"சும்மா வாய்க்கு வந்ததப் பேசாதீங்க. இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது" என்று சீறினார் தனபாலன். அதில் உண்மை இருந்தது. சகினாவின் முகத்திலும் அதே சந்தேகம்தான் ஓடியது.

அன்புக்கரசி தீப்பெட்டியை உரசினாள். கற்பூரம் பற்றிக்கொண்டது.

"கோர்ட்டை விடுங்க. இதை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. செவ்வாய்க்கிழமை காலைல உங்களுக்குத் தீட்டு இல்லன்னு, தேவானைகிட்ட அமுக்கச் சொல்லலன்னு, உங்க குலதெய்வத்து மேல சொல்லி உள்ளங்கையால அணைச்சிடுங்க. நாங்க இப்பவே போயிடறோம். அவ ஜெயிலுக்குப் போகட்டும்."

விக்கி தட்டைத் தூக்கிப் பிடித்தான். தனபாலன் கையை உயர்த்தினார். சுடர் காற்றில் சாய்ந்து அவர் விரல் பக்கம் வந்தது. தம்பியைத் தூக்கித் தண்டவாளத்தில் போட்ட கை, அந்தச் சின்னத் தீயின் மேல் இறங்க மறுத்தது. கற்பூரம் தானாக எரிந்து அடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோபுரத்து மேல நின்னு பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார். "மொதலாளிட்டப் போவேன்னான். நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிட்டேன். கீழ விழுந்தவன் அசையல. மூக்குல வெரல வச்சுப் பாத்தேன், மூச்சு இல்ல. தூக்கித் தண்டவாளத்துல போட்டேன். அவன் பையில இருந்த சாவிய எடுத்து, பெட்டியில கெடந்த பூட்டத் தொறந்து கருவி ரூம்ல மாட்டினேன். தலைக்குக் குளிச்சேன்."

"அழுதீங்களா?" என்று கேட்டாள் சகினா.

"குளிக்கும்போது அழுதேன்."

"அதுக்கு அந்தப் பொண்ணா கிடைச்சா?"

"ஒரு நாள்கூடத் தவறாமக் காட்டுற கற்பூரம் மேடம். நின்னு போச்சுன்னா ரயிலுக்கு ஆவாது. நான் தொடப்புடாது. பக்கத்துல அவதான் நின்னா."

விக்கி தட்டைக் கீழே வைத்தான். "கொலைய விட்டுட்டாரு, ஆசாரத்த விடல. நல்ல குடும்பம்" என்றான். அவனுக்கே அது சிரிப்பாக இல்லை.

அப்போதுதான் சகினாவின் போன் அடித்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். சகினா கேட்டுக்கொண்டே இருந்தாள். "நிச்சயமா சொல்றீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள். போனை இறக்கியதும் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"மேலேந்து விழுந்ததுல மயக்கம்தான் போட்டிருக்கான். தண்டவாளத்துல போட்டப்ப உயிர் இருந்திருக்கு. ரயில் போகும்போது ஏறினதுல காலுதான் போயிருக்கு. திரும்பி வந்து ஏறினதுலதான் செத்திருக்கான்."

 மூக்கில் விரல் வைத்துப் பார்த்த நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முத்துகிருஷ்ணன் இன்று வேளச்சேரியில் சோறு தின்றுகொண்டிருப்பான். சாகாத தம்பிக்கு அண்ணன் முன்கூட்டியே தீட்டுக் காத்துவிட்டான். அன்புக்கரசியின் அருமையான கணக்கு ஆளைப் பிடித்துக் கொடுத்தது, விடையை மட்டும் தப்பாகச் சொன்னது.

தனபாலன் மெல்லத் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"உசுரு இருந்துச்சா? அப்ப கொன்னது நான் இல்லையே மேடம்? பட்டன அமுக்குனது அந்தப் புள்ளதான?"

சகினா விட்ட அறையில் அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். "அமுக்க வச்சவன் நீ. கொலை உன்மேலதான். அவ வீட்டுக்குப் போறா" என்றாள். பிறகு அன்புக்கரசியிடம் தாழ்ந்த குரலில், "ஆனா சாட்சிக்கு வரணும்" என்றாள்.

ஜீப் வரைக்கும் விக்கிதான் போனான். அன்புக்கரசி சற்றுத் தள்ளியே நின்றுகொண்டாள்.

"எறங்குமா. வூட்டுக்குப் போலாம்" என்றான்.

"ஜாமீனா சார்?"

"ஜாமீனும் இல்ல, ஒண்ணியும் இல்ல. தனபாலன் ஒத்துக்கினான். மேலேந்து தள்ளிவுட்டு, தூக்கித் தண்டவாளத்துல போட்டிருக்கான். நீ பண்ணல."

தேவானை இறங்கவில்லை. "அப்படின்னா நான் அமுக்கறதுக்கு முன்னாடியே முத்தண்ணன் பூட்ச்சா?"

விக்கி திரும்பி அன்புக்கரசியைப் பார்த்தான். அவள் எதையும் காட்டாத முகத்தோடு நின்றாள்.

"ஆமா. முன்னாடியே" என்றான் விக்கி.

தேவானை ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுகை அடங்கியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன் சார். இத்த நான் யாராண்டயும் சொல்லல, போலீசாண்டகூட. ரயிலு அந்தாண்ட மேல ஏறி ஒரு செகண்டு நிக்கும் பாரு, அப்ப சத்தமே இருக்காது. அப்ப முத்தண்ணன் கொரலு கேட்டுச்சு. 'தேவான, நிறுத்து, நிறுத்து'ன்னு. மேல ஏறினது எறங்கித்தான ஆவணும்? நான் எத்த புடிச்சி நிறுத்துவேன்? அதுலேந்து கண்ண மூடுனா அந்தக் கொரலுதான், ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முன்னாடியே பூட்ச்சுன்னா, அது சும்மா எனக்குத் தோணுனதுதான சார்?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் விக்கி ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தான்.

"தோணுனதுதாம்மா" என்றான். "சக்கரச் சத்தம் சில நேரம் அப்படித்தான் கேக்கும்."

"அதான பாத்தேன்" என்றாள் தேவானை. இறங்கி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, பெரும்பாக்கம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். போகும்போதே அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

அன்புக்கரசி விக்கியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோர்ட்ல டாக்டர் எல்லாத்தையும் சொல்லுவாரு. அப்ப அவளும் அங்கதான் உக்காந்திருப்பா."

"தெரியும் மேடம்" என்றான் விக்கி. "அதுவரைக்கும் தூங்கட்டும்."